29 வாரத்தில் பிறந்த பாப்பா: பிறையிலிருந்து பினாங்குத் தீவுக்குப் பால் கொண்டுபோவது எப்படி?

பிறைவாசி:

வணக்கம். மனைவிக்கு இரத்தக் கொதிப்பு ஏறி, சிறுநீரில் புரதமும் போனதால் 29 வாரம் 2 நாளில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை, 1,100 கிராம். தீவில் என்ஐசியூவில் (பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இன்குபேட்டருக்குள் இருக்கிறாள், மூச்சுக்கு உதவ மூக்கில் சிபாப் கருவி. இன்று 4-ஆம் நாள். மனைவிக்கு நாளை டிஸ்சார்ஜ். வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம் பிறையில், அடுக்குமாடி. எங்களிடம் இருப்பது மோட்டார் சைக்கிள் மட்டும்.

ஒரு தடவை எடுத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 5 மில்லிதான் வருகிறது. பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டியூப்பில் ஒன்றிரண்டு மில்லிதான் கொடுக்கிறார்கள், அப்படியானால் இதுவே போதும்தானே? ஒரு நாளைக்கு எத்தனை தடவை பம்ப் செய்ய வேண்டும்? பாலத்தைத் தாண்டி மோட்டாரில் கொண்டுபோனால் கெட்டுப்போகாதா? இன்னொன்று, பச்சை உடம்புக்காரி 30 நாள் வாசல் தாண்டக்கூடாது என்று என் அம்மா பிடிவாதமாக இருக்கிறார். பால் சுறாவும் பெத்த மருந்தும் தயார். எதற்குச் சரி என்பது, எதற்கு வேண்டாம் என்பது?

ஜெலுத்தோங் மிஸ்ஸி:

தம்பி, நர்ஸாக இருக்கும் எனக்கு முதல் கேள்வியிலேயே கணக்கு இடிக்கிறது. இன்றைக்குப் போதும். ஆனால் உடம்பு இன்றைய தேவையைப் பார்த்துப் பால் சுரப்பதில்லை, எத்தனை தடவை காலியாகிறது என்பதைத்தான் பார்க்கிறது. அதுவும் முதல் இரண்டு வாரத்தில்.

பிள்ளையின் பக்கம் பாருங்கள். ஆரம்பத்தில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லி என்றால் 1,100 கிராமுக்கு 22 மில்லி, அதை 12 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 2 மில்லிகூட இல்லை. வயிறு தாங்கினால் தினமும் கிலோவுக்கு 20 முதல் 30 மில்லி வரை கூட்டிக்கொண்டே போவார்கள். கிலோவுக்கு 160 மில்லியை எட்டும்போது அது 176 மில்லி. அவளே 2 கிலோ ஆகும்போது 320. அன்றைக்குத் திடீரென்று கேட்டால் மார்பு கொடுக்காது. அதனால் 14-ஆம் நாளில் ஒரு நாளைக்கு 500 மில்லி என்பதைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஃபிரீசருக்குப் போகட்டும்.

தடவைக் கணக்கு: 24 மணி நேரத்தில் 8-க்குக் குறையக்கூடாது, 10 என்றால் இன்னும் நல்லது. மூன்று மணிக்கொரு முறை என்று கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று எடுத்து இரவில் கொஞ்சம் இடைவெளி விடலாம். ஆனால் 5 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில் கூடுதலாக இருப்பதால், நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவில் ஒரு தடவை கட்டாயம். தூங்கட்டும் பாவம் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து விட்டுவிடுவது அந்தத் தடவையைத்தான். அலாரம் உங்கள் போனில் வையுங்கள், எழுந்து பம்பை மாட்டிக் கொடுப்பதும் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைப்பதும் உங்கள் வேலை.

ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். முதல் வாரத்தில் பம்ப் முடிந்ததும் கையால் இரண்டு மூன்று நிமிடம் பீய்ச்ச வேண்டும், கெட்டியான சீம்பாலை மெஷினைவிடக் கைதான் நன்றாக எடுக்கும். சீம்பாலை நேராக 1 மில்லி சிரிஞ்சில் உறிஞ்சிவிடுங்கள். பெரிய பாட்டிலில் விட்டால் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு பாதி வீணாகும். 0.2 மில்லி இருந்தாலும் கொண்டு வாருங்கள், பிள்ளையின் கன்னத்தின் உள்பக்கம் தடவுவதற்கு அது போதும். குறைமாதப் பிள்ளைகளுக்கு வரும் குடல் அழற்சி தாய்ப்பாலில் குறைகிறது. என்ஐசியூவில் சொட்டுக்கூட விடாமல் கேட்பது அதனால்தான்.

குறைமாதம், ஆபரேஷன் இரண்டும் சேர்ந்தால் பால் இறங்க ஒன்றிரண்டு நாள் தாமதமாகும். 4-ஆம் நாளில் 5 மில்லி என்பதற்காகப் பயப்பட வேண்டாம், தடவை 6-க்கு இறங்கினால்தான் பயப்பட வேண்டும். ஒரு பள்ளிக்கூட நோட்டில் நேரம், இடது, வலது, மொத்தம் என்று எழுதி வாருங்கள். ஒவ்வொரு தடவையையும் பார்த்து மனம் உடையாமல் ஒரு நாளின் கூட்டுத்தொகையை மட்டும் பாருங்கள்.

பின்னால் பாலில் சத்துக் கூட்டும் ஃபார்ட்டிஃபையர் பொடி கலக்கிறோம் என்று டாக்டர் சொல்வார். உங்கள் மனைவியின் பால் தண்ணியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த எடைப் பிள்ளைக்குப் புரதம், கால்சியம், பாஸ்பரஸ் எந்தத் தாயின் பாலிலும் போதாது.

பாயான் லெப்பாஸ் ஸ்க்ரூடிரைவர்:

பம்ப் பற்றி நான் சொல்கிறேன், மற்றதை மிஸ்ஸி பார்த்துக்கொள்வார்.

பிள்ளை நேராகக் குடிக்கும்வரை முழுக்கப் பம்பை நம்பி இருப்பவர்களுக்குக் கைப்பம்ப் பத்தாது. இரட்டை மின் பம்ப் வேண்டும், முடிந்தால் மருத்துவமனைத் தரம். ஒன்றிரண்டு மாதத்துக்குத்தான் என்றால் வாடகைக்கு எடுப்பது மலிவு. யாராவது பழைய பம்ப் கொடுத்தால், அது மூடிய வகையா என்று முதலில் பாருங்கள். பாலும் காற்றுக் குழாயும் பிரியாத திறந்த வகையில் பம்பின் மோட்டார் வரைக்கும் பால் ஆவி போய்ப் பூஞ்சை பிடிக்கும், வெளியே இருந்து கழுவி எடுக்க முடியாது.

மார்பில் பொருத்தும் புனலின் அளவை யாரும் கவனிப்பதில்லை. பெட்டியில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர்தான் வரும், நிறையப் பேருக்கு அது பெரிசு. காம்பின் அகலத்தை ஸ்கேலில் அளந்து அதோடு 1 முதல் 3 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். இழுக்கும்போது காம்பு உரசாமல் முன்னும் பின்னும் போக வேண்டும். கருவளையம் கூடவே உள்ளே போனால் புனல் பெரிசு, காம்பு வெளுத்து நசுங்கி வந்தால் சிறிசு. உறிஞ்சும் விசையைக் கூட்டினால் பால் கூடும் என்பது தப்பு. முதல் ஒன்றிரண்டு நிமிடம் வேகமாக, லேசாக, பால் இறங்கியதும் மெதுவாக, ஆழமாக. வலிக்காத அளவில் எது உச்சமோ அதோடு நிறுத்துங்கள். வலி இருந்தால் பால் இறங்காது.

திடீரென்று இழுவை குறைந்தால் மெஷினைத் திட்டாதீர்கள், முதலில் வாத்து மூக்கு மாதிரி இருக்கும் அந்த வெள்ளை சிலிக்கோன் வால்வைப் பாருங்கள். கழுவும்போது விரலை உள்ளே விட்டுத் தேய்த்தால் நுனி அகன்றுவிடும், வெற்றிடம் நிற்காது. நாளுக்கு 8, 10 தடவை ஓடும் வால்வை இரண்டு மாதத்துக்கு ஒன்றாவது மாற்ற வேண்டும், கையில் ஒரு ஜோடி உபரி இருக்கட்டும். குழாய்க்குள் தண்ணீர் முத்து தெரிந்தால், பால் எடுத்த பிறகு புனலைக் கழற்றி இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள், காய்ந்துவிடும்.

பால் படும் பாகங்களைச் சிங்க்கில் போடாமல் தனிப் பேசினில், சோப்புச் சுடுதண்ணீரில் கழுவி, 5 நிமிடம் கொதிக்கவிட்டுக் காற்றில் உலர்த்துங்கள். மேசை துடைக்கிற துணி கிட்டே வரக்கூடாது.

இனி பயணம். பிறையில் இருந்து பாலம் ஏறினால் மோட்டாருக்குத் தனித் தடம் இருக்கிறது, காலை நெரிசல் உங்களுக்குப் பெரிய கவலை இல்லை. வெயிலும் மழையும்தான் எதிரி. ஜெல் நிரப்பிய ஐஸ் பேக்கை முதல் நாள் இரவே ஃபிரீசரில் கெட்டியாக்குங்கள். கூலர் பையில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் பாட்டில்கள் நிமிர்ந்து, எல்லாம் ஒரு ஜிப் பைக்குள். காலி இடத்தில் சுத்தமான துண்டைத் திணியுங்கள், உள்ளே காற்று நிறைய இருந்தால் சீக்கிரம் சூடாகும். மதிய வெயிலில் மோட்டாரின் பின்பெட்டி அடுப்புதான், அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டு நாசி கண்டார் சாப்பிட ஒதுங்க வேண்டாம்.

உறைந்த பாலைக் கொண்டுபோனால் மட்டும் சாதாரண ஐஸ் கட்டி போடக்கூடாது. உருகுகிற ஐஸ் 0 டிகிரி, உங்கள் பால் மைனஸ் 18. ஐஸே பாலைச் சூடாக்கிவிடும். உறைந்ததையும் அன்றைய குளிர்ந்த பாலையும் ஒரே பையில் போடாததும் இதே காரணத்துக்குத்தான்.

ஜெலுத்தோங் மிஸ்ஸி:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. தினமும் வருகிறீர்கள் என்றால் உறைய வைக்கவே வேண்டாம், குறைமாதப் பிள்ளைக்கு உறையாத பால்தான் முதல் தேர்வு. எடுத்த உடனே மூடி ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். நம் வீட்டுச் சூட்டில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க விடாதீர்கள். 48 மணி நேரத்துக்குள் வார்டுக்கு வந்து சேராது என்று தெரிந்தால் அன்றே ஃபிரீசருக்கு மாற்றுங்கள், பாட்டிலில் கால் பங்கு இடம் விட்டு. இளஞ்சூட்டுப் பாலைக் குளிர்ந்த பாலின் மேல் ஊற்றக்கூடாது, தனியாக ஆறவைத்துப் பிறகு சேர்க்கலாம். இப்போதைக்குப் பாட்டிலுக்கு 10, 20 மில்லி போதும். ஒரு தடவை உருகினால் 24 மணி நேரம்தான் ஆயுள், மறுபடி உறைய வைக்க முடியாது.

லேபிளில் தாயின் பெயர், பிள்ளையின் பதிவு எண், எடுத்த தேதி, நேரம். பால்பாயிண்ட் பேனா மை ஐஸ் ஈரத்தில் கரைந்துவிடும், மார்க்கரில் எழுதி மேலே செலோடேப் ஒட்டுங்கள். பெயர் தெரியாத பாலை வார்டில் யாரும் கொடுக்க மாட்டார்கள், அப்படியே கொட்டத்தான் வேண்டிவரும்.

புக்கிட் மெர்தாஜாம் பெரியம்மா:

அம்மாவோடு மோத வேண்டாம் தம்பி, ஆனால் இரண்டு இடத்தில் விட்டுக்கொடுக்கவும் கூடாது.

முதலாவது மருமகளின் பிரஷர். பிள்ளை வெளியே வந்துவிட்டது, கொதிப்பு போய்விட்டது என்று நினைப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு 3-ஆம் நாளுக்கும் 6-ஆம் நாளுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் அது மறுபடி மேலே ஏறும். வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி, காலையும் மாலையும் உட்கார்ந்து 5 நிமிடம் ஓய்வெடுத்த பிறகு பார்த்து எழுதுங்கள். 150-க்கு 100 வந்தால் அன்றே கிளினிக். 160-க்கு 110 என்றாலோ, விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி என்றாலோ நேராக அவசரப் பிரிவு. பிள்ளை பெற்ற பிறகும் வலிப்பு வரும். கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. அந்த மாத்திரைப் பட்டியலை என்ஐசியூ டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், பால் வழியே போவது 1 கிலோப் பிள்ளைக்கு.

அதனால் பத்தியச் சாப்பாட்டில் கருவாடும் உப்புக் கண்டமும் வேண்டாம். பால் சுறாவையும் தவிர்க்கலாம், சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் அதிகம். அம்மாவிடம் கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) வாங்கிக் கொடுங்கள், அதே மிளகு, பூண்டு, மஞ்சள் போட்டுக் குழம்பு வைக்கட்டும், கைப்பக்குவம் வீணாகாது. பெத்த மருந்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத லேகியம், பிராந்தி கலந்த மருந்து இரண்டும் கூடாது. சாராயம் பாலில் இறங்கும், பால் இறங்குவதையும் தடுக்கும். தண்ணீரை அளந்து கொடுக்கும் பழக்கமும் வேண்டாம், தாகத்துக்குக் குடிக்கட்டும்.

இரண்டாவது வாசல் தாண்டுவது. தாண்டத்தான் வேண்டும். சிபாப் இருந்தாலும் டாக்டர் சரி என்றதும் கங்காரு முறையில் பிள்ளையை நெஞ்சோடு வைக்கலாம், குறைந்தது ஒரு மணி நேரம். அதற்குக் குறைவாக என்றால் தூக்கி இறக்குவதிலேயே பிள்ளை களைத்துவிடும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையும் ஒரு சரோங்கும் போதும். அது முடிந்த கையோடு பம்ப் செய்தால் பால் கூடுதலாக வரும். கோழி அடைகாக்கிற மாதிரி என்று சொல்லிப் பாருங்கள், அம்மாவுக்குப் புரியும். ஆபரேஷன் புண் ஆறும்வரை மோட்டார் பின்சீட்டு வேண்டாம், அவர் வருவதற்கு மட்டும் கிராப் வாடகைக் கார். நீங்களும் சட்டையைக் கழற்றிவிட்டு வைத்துக்கொள்ளலாம், அப்பா நெஞ்சும் அதே சூடுதான். இருமல், காய்ச்சல் இருந்தால் யாருமே உள்ளே போகக்கூடாது.

பிறைவாசி:

ரொம்ப நன்றி. வால்வையும் புனலையும் இன்றே பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். முன்பு உறைய வைத்ததை உருக்கினால் சோப்பு வாடை அடிக்கும் என்று சொல்கிறார்கள், அது கெட்டதா? முப்பதாம் நாள் சடங்கை என்ன செய்வது?

ஜெலுத்தோங் மிஸ்ஸி:

சோப்பு வாடை, பாலில் உள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது. கெடுதல் இல்லை, டியூப்பில் போவதால் பிள்ளைக்குத் தெரியவும் தெரியாது. புளித்த வாடை வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

முப்பதாம் நாள் அவளுக்கு 33 வாரம் 4 நாள்தான் ஆகியிருக்கும், இன்னும் வார்டில்தான் இருப்பாள். சடங்கை எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். அதே சமயத்தில் வரும் முதல் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. விழித்திரையில் இரத்தக் குழாய் தாறுமாறாக வளர்ந்தால் சிகிச்சைக்கு இருக்கும் காலம் குறைவு, அடுத்த பரிசோதனைக்குள் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தாலும் அந்தத் தேதிக்கு வர வேண்டும்.

பிறப்புப் பதிவுக்கு 60 நாள்தான், பிள்ளை வார்டில் இருப்பதற்காக அது நீளாது. நீங்களே போய் முடித்துவிடுங்கள்.

வயதுக் கணக்கு இரண்டு. தடுப்பூசிக்குப் பிறந்த தேதி, வளர்ச்சிக்கு 40 வாரத்துக்குக் குறைந்த 10 வாரம் 5 நாளைக் கழித்த வயது. 4 மாதத்தில் அவள் ஒன்றரை மாதப் பிள்ளை மாதிரி இருந்தால் சரியாக இருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு சாம்பிராணிப் புகை, உரை மருந்து, வசம்பு எதுவும் கூடாது. ஸ்பிரிங் மாட்டிய சரோங் தொட்டிலும் வேண்டாம், கழுத்து மடங்கி மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும், தட்டையான மெத்தையில் மல்லாந்து படுக்கட்டும். ஜி6பிடி என்ற இரத்த நொதிப் பரிசோதனையின் முடிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறைபாடு என்றால் அலமாரியில் அந்துருண்டை போட்டு எடுத்து வைத்த பழைய துணி எதையும் பிள்ளைக்குப் போடக்கூடாது. மற்றதை டிஸ்சார்ஜ் நேரத்தில் கேளுங்கள். இப்போது மணி என்ன, பம்ப் நேரமா பாருங்கள்.