அப்டேட்: குல்மார்க்ல பனியா மழையான்னு கேட்டிருந்தேனே

காஷ்மீர்ல ஸ்கீ பண்ற மலை ஊரான குல்மார்க்குக்கு கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வெதர் ஆப் பனின்னுது, இன்னொண்ணு மழைன்னுது, எதை நம்புறதுன்னு கேட்டிருந்தேன்ல, போயிட்டு நேத்துதான் காட்பாடில இறங்கினோம்.

கடைசில ரெண்டுமே சரிங்க! கீழ குல்மார்க் சுமார் 2650 மீட்டர், கொண்டோலா (கேபிள் கார்) ரெண்டாவது ஸ்டேஜ் 3900க்கும் மேல, 1000 மீட்டர் ஏறினா தோராயமா 6 டிகிரி குறையும், அதனால கீழ சொதசொதன்னு மழையும் பனியும் கலந்து ஊத்துது, அதே நேரம் மேல சுத்தமான பவுடர் பனி (ஈரமில்லாம உதிருறது). ஆப் எந்த உயரத்துக்கு சொல்லுதுன்னு பார்க்காம விட்டது என் தப்பு.

ஸ்கீ சொல்லிக்குடுத்த அண்ணன் ஆப்பே பார்க்கல, ஒரு பிடி பனிய அள்ளி அமுக்கினாரு, உருண்டையா நின்னா ஈரம், உதிர்ந்தா நல்ல பனியாம். நம்மூர்ல புட்டு மாவு பதம் பார்ப்பாங்களே, அதேதான்.

அங்க மழையும் பனியும் கொண்டு வர்ற வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் மத்தியதரைக்கடல் பக்கத்துலேர்ந்து வரணும், அதனால பத்து நாள் முன்னாடி ஆப் காட்டுற, இத்தனை சென்டிமீட்டர் பனி விழும்ங்கிற கணக்கெல்லாம் சும்மா, ரெண்டு மூணு நாள் முன்னாடி பார்த்தா போதும்.

வேலூர்ல வாங்கின ஸ்வெட்டர் முதல் நாளே நனைஞ்சு போச்சு, வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் அங்கயே வாடகைக்கு கிடைக்குது.