எம்ஜிபி வீட்டுப் பராமரிப்பு: கார்புரேட்டரில் கை வைக்கும் முன்

(எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் புனைபெயரில் நான்கு பேர் மாறி மாறி எழுதியவை.)

ராக்கர் மூடி:

எம்ஜிபி இருமினாலும் திக்கினாலும் முதல் பழி, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் இரட்டை எஸ்யூ (பிராண்ட் பெயர்) கார்புரேட்டர் மேல்தான் விழும். பெரும்பாலும் அது நிரபராதி. வால்வு, இக்னிஷன், அதற்குப் பிறகுதான் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றினால் ஒரு கோளாறை மறைக்க இன்னொன்றைத் திருகிக்கொண்டே இருப்போம்.

வால்வு: வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி அறுபதுகளின் வண்டிகளுக்கு, குளிர்ந்த இஞ்சினில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மிமீ. பிந்தைய சில இஞ்சின்களுக்குச் சூட்டில் பார்க்கும் அளவு தரப்பட்டிருக்கிறது. உங்கள் இஞ்சின் எண்ணுக்குரிய கையேட்டைப் பார்த்துவிட்டு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது. ஒன்பது கணக்கு இங்கே வேலை செய்யும்: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யலாம், 6 திறந்திருந்தால் 3ஐ, 4 என்றால் 5ஐ. கூட்டினால் எப்போதும் 9. அம்பாசடரில் கை பழகியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அதன் 1489 சிசி இஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி இஞ்சினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஒரே 'பி' சீரிஸ் குடும்பம்தான்.

இக்னிஷன்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுங்கள், உள்ளே தட்டு நகர வேண்டும். நகராவிட்டால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. வண்டி அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடானதும் செத்து, ஆறியதும் மறுபடி கிளம்பினால் பலரும் 'பெட்ரோல் ஆவியாகிக் குழாய் அடைத்துவிட்டது' என்பார்கள். அதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் ஆர்மையும், பாயிண்ட்டோடு இணைந்த கண்டன்சரையும் மாற்றிப் பாருங்கள். இன்று விற்கும் மலிவுப் பிரதிகளில் ரோட்டரின் பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். அந்த ரிவெட் வழியாகவே மின்பொறி ஷாஃப்டுக்கு இறங்கிவிடுகிறது. ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர் என்று கேட்டு வாங்குங்கள். பழைய கண்டன்சர் நன்றாக இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள், புதியதைவிட அது நம்பகமானது.

இனி எஸ்யூ. ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை (இஞ்சின் பிஸ்டன் அல்ல) விரலால் தூக்கி விடுங்கள். 'டக்' என்று அடியில் உட்கார வேண்டும். தயங்கினால் அழுக்கு, அல்லது பெட்ரோல் வரும் துளையான ஜெட்டில் பிஸ்டனின் ஊசி உரசுகிறது. ஊசி அசையாத பழைய வகையில் ஜெட்டை நடுநிலைப்படுத்த வேண்டும். ஸ்பிரிங் வைத்துச் சாய்ந்து நிற்கும் பிந்தைய ஊசிக்கு அந்த வேலை இல்லை.

அடுத்தது திராட்டில் ஸ்பிண்டில் (காற்றுத் தடுப்புத் தட்டு சுழலும் தண்டு) தேய்மானம். இதைச் சோதிக்காமல் டியூனிங் செய்வது வீண். தேய்ந்த ஸ்பிண்டில் வழியே காற்று புகுந்தால் ஸ்லோ ஸ்பீடு ஒருபோதும் நிலைக்காது. ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஓடும் இஞ்சினில் கிளீனர் அடித்துச் சோதிப்பவர்களும் உண்டு. கார்புரேட்டருக்கு நேர் கீழேதான் கொதிக்கும் எக்ஸ்ஹாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது என்பதை அவர்கள் மறக்கக் கூடாது.

சமன்படுத்த: ஜெட் நட்டை முழுக்க மேலே ஏற்றி, பின் இரண்டு சுற்று (நட்டின் ஆறு பக்கத்தில் ஒன்று ஒரு பட்டை, ஆக 12 பட்டை) இறக்குங்கள். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, இரண்டு திராட்டிலையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரு வாய்களிலும் ஒரே அளவு சீறல் கேட்கும் வரை ஸ்லோ ஸ்பீடு திருகுகளைச் சரிசெய்யுங்கள். பிறகு கலவை. பிஸ்டனைத் தூக்கும் சிறு ஊசியால் 0.8 மிமீ மட்டும் உயர்த்துங்கள். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே விழுந்தால் குறைவு. சற்றே கூடி அடங்கினால் சரி. நட்டை இறக்கினால் பெட்ரோல் கூடும், ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு ஒரு பட்டைக்கு மேல் திருப்ப வேண்டாம். கலவை மாறினால் காற்றுச் சமநிலையும் மாறும், ஆகவே மறுபடி காதில் குழாய்.

டேஷ்பாட்டில் (கார்புரேட்டர் பிஸ்டனுக்கு மேலுள்ள எண்ணெய்க் குழி) 20 கிரேடு எண்ணெய். மூடி உட்கார இன்னும் 6 மிமீ இருக்கும்போது கைக்கு எதிர்ப்பு தெரிந்தால் அளவு சரி. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் மூச்சடைத்தால் முதலில் இந்த எண்ணெயைப் பாருங்கள்.

பழுப்பு வயர்:

மேலே சொன்னதற்கும் முன்னால் ஒன்று: பேட்டரியை இணைக்கும் முன் எந்த முனை எர்த் (வண்டியின் உடலோடு இணைவது) என்று பாருங்கள். 1962 முதல் 1967 வரை வந்த டைனமோ வண்டிகள் பாசிட்டிவ் எர்த். 1967 இறுதியில் வந்த மார்க் 2இல் ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த். நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம், ஆகவே வருடத்தை நம்பாமல் கேபிளைக் கண்ணால் பாருங்கள். தலைகீழாகக் கொடுத்தால் எலெக்ட்ரானிக் இக்னிஷன் நொடியில் போய்விடும். டைனமோ வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவதாக இருந்தால் பேட்டரி முனைகளோடு காயில் வயர்களும் இடம் மாற வேண்டும், டைனமோவின் காந்தத் திசையையும் மாற்ற வேண்டும். அதற்கு டைனமோவின் 'எஃப்' முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரால் அந்த முனையைக் கணநேரம் தொட்டு எடுத்தால் போதும்.

மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தைத் திட்டுவது இந்த வட்டாரத்தில் சம்பிரதாயம். ஆனால் ஐம்பது வருடப் பழைய புல்லட் கனெக்டர் (வயர்களை இணைக்கும் முனை) பச்சை பூத்து நிற்பதற்கு லூகாஸ் என்ன செய்ய முடியும்? உண்மையில் அவர்களுடைய வயர் நிறங்களைப் போல உதவுவது வேறில்லை. பழுப்பு என்றால் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஃபியூஸ் கிடையாது. ஊதா அதுவே, ஃபியூஸ் வழியாக. வெள்ளை சாவி போட்டதும் வரும். பச்சை அதுவே, ஃபியூஸ் வழியாக. சிவப்பு பக்க விளக்கு, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். இதை மனப்பாடம் செய்தால் வயரிங் படம் பாதி தேவைப்படாது. பழுப்பு வயர் உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை, ஆகவே வேலைக்கு முன் பேட்டரி கட்.

ஃபியூஸ் வாங்கும்போது கவனம். பழைய பிரிட்டிஷ் 35 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர். 35 என்பது உருகும் அளவு. தொடர்ச்சியாகவே 35 தாங்கும் வேறு வகையைப் போட்டால் ஃபியூஸுக்கு முன் வயர் எரியும்.

தகடு வேலை:

நீங்கள் இருவரும் டியூனிங் செய்யும் வண்டிக்கு அடியில் 'சில்' என்ற பெட்டித்தகடு இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கூரையில்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பதே கதவுக்குக் கீழே ஓடும் சில்தான். வெளித்தகடு, உள்ளே செங்குத்தாக ஒரு நடுத்தகடு, அடியில் கோட்டை மதில் போல மடிந்த 'காசில்' தகடு, உட்பக்கத் தகடு என்று அது ஒரு பெட்டி. வெளித்தகடு பளபளப்பாக இருப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. அழுகிய சில் மேல் புதிய மூடியை வைத்து வெல்டிங் அடித்த வண்டிகள் ஏராளம். அதைப் பிடிக்க வழி உண்டு. அசல் சில், முன் விங்குக்கு (சக்கரத்தை மூடும் வெளித்தகடு) பின்னாலும் பின் விங்குக்கு அடியிலும் நீளும். விங் ஓரத்தோடு சில் முடிந்துவிட்டால் அது மூடி வேலை. இன்னொரு சோதனை: பக்கவாட்டு ஜாக்கி இடத்தில் வண்டியைத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். கதவின் இடைவெளி மாறினாலோ கதவு பிடித்தாலோ வண்டி நடுவில் வளைகிறது. பெயிண்ட் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மாற்றும்போது கெடுவது எங்கே என்றால், வெட்டும் அவசரத்தில். கதவு இடைவெளி சரியாக இருக்கும் நிலையில் வண்டியைத் தாங்கி நிறுத்தி, கதவுக் கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் இடையே 25 மிமீ சதுரக் குழாயை வெல்டிங் செய்த பிறகே கட்டர் வட்டை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகுதான் மறுபக்கம். முன் விங் போல்ட்டில் நிற்பதால் கழற்றலாம். பின் விங்கின் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். தகடு 1.2 மிமீ, மிக் வெல்டிங் வயர் 0.6 மிமீ போதும். பிளக் வெல்டுக்கு (மேல்தகட்டில் துளையிட்டு அடித்தகட்டோடு ஒட்டுவது) 6 முதல் 8 மிமீ துளை, 25-30 மிமீ இடைவெளியில். உள்முகங்களுக்கு வெல்டிங் தாங்கும் துத்தநாகப் பிரைமர். ஒரே இழுப்பில் நீளமாக அடித்தால் தகடு முறுக்கும், ஆகவே இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி மூடிப் பாருங்கள். முடித்த பிறகு நேராகிவிடும் என்பது நடக்காது.

பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே கொண்டுபோங்கள், பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் பிரியுங்கள், உட்பக்க விரிப்பை அகற்றுங்கள். அடித்தகட்டில் பூசிய பழைய அண்டர்சீல் தார் போல எரியும். தீயணைப்பானோடு ஒருவர் உள்ளே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தீ நீங்கள் குனிந்திருக்கும் பக்கத்தில் வராது. பெயிண்ட் உலர்ந்த பிறகு சில்லுக்குள் மெழுகு பீய்ச்சி, அடியில் உள்ள நீர்த் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

முன் விங்கின் பின்பகுதியில் செங்குத்தாகத் துரு வந்தால் காரணம் உள்ளே. சக்கர வளைவின் பின்புறம் ரப்பர் விளிம்போடு ஒரு மறைப்புத் தகடு இருக்கும். அந்த ரப்பர் மக்கியதும் சேறு உள்ளே போய் ஈரமாகவே கிடக்கும். வருடத்துக்கு ஒருமுறை போல்ட்டுகளைக் கழற்றி வாரி எடுங்கள். சீட்டுக்குப் பின்னால் உள்ள பேட்டரித் தொட்டிகளையும் பாருங்கள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கே இருந்தன, ஆசிட் தின்ற தொட்டிகள் சாதாரணம்.

தகடே மிச்சமில்லை என்றால்? 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் பழைய அச்சுகளைக் கொண்டே முழு எம்ஜிபி பாடி தயாரிக்கிறது. விலை கசக்கும். ஆனால் நான்கு மூலையும் அழுகிய கூட்டில் செலவிடும் மணிநேரங்களைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

காப்பர் சுத்தியல்:

பிரிட்டனில் 40 வயது தாண்டி, பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு 2018 மே முதல் வருடாந்திர எம்ஓடி (வண்டித் தகுதி) சோதனை கட்டாயமில்லை. இதைச் சலுகை என்று கொண்டாடுகிறவர்கள், கிங்பின்னை (முன் சக்கரம் திரும்பும் அச்சு) இனி யார் ஆட்டிப் பார்ப்பது என்று யோசிப்பதில்லை.

முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் கிங்பின். பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள், 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ். சக்கரம் தொங்கும் நிலையில் அடித்தால்தான் எடை விலகி கிரீஸ் உள்ளே போகும். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் முன் சக்கரம் திரும்பும் மரைத் தாங்கியான ட்ரன்னியனுக்கு கிரீஸ் அல்ல, ஈபி 90 எண்ணெய். கிரீஸ் இறுகி, மரை துருப்பிடித்து, முன் சக்கரமே மடிந்து போகும்.

கம்பிச் சக்கரத்தில் இடப்பக்கம் சாதாரண மரை, வலப்பக்கம் தலைகீழ் மரை. வண்டி முன்னே ஓடும்போது நட்டு தானாக இறுகுவதற்கான ஏற்பாடு இது. ஹப் பக்கம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் ஓட ஓடக் கழன்றுவிடும். ஹப்பையும் சக்கரத்தையும் பிணைக்கும் பல்வரிசையில் லேசாக கிரீஸ் தடவுங்கள். முன்னும் பின்னும் நகர்த்தும்போது 'டங்' என்றால் பல் தேய்ந்திருக்கிறது. புதுச் சக்கரத்தைத் தேய்ந்த ஹப்பில் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும்.

ராக்கர் மூடி:

பெட்ரோல் பற்றி விட்டுப்போனது. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் ஈ10 (10 சதவீதம் வரை எத்தனால்). எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும், ஈரத்தை இழுக்கும். ஆர்9 என்று அச்சிட்ட குழாய்களைப் போடுங்கள், முடிந்தவரை ஈ5 சூப்பர் பெட்ரோல் ஊற்றுங்கள். வலப் பின் சக்கரத்துக்கு அருகில் இருக்கும் எஸ்யூ பம்ப் பேசுவதைக் கேளுங்கள். சாவி போட்டதும் வேகமாக டிக்கடித்து, மெதுவாகி, நிற்க வேண்டும். இஞ்சின் ஓடாமலே சில நொடிக்கு ஒரு டிக் வந்தால் ஃப்ளோட் ஊசி கசிகிறது அல்லது பம்பின் வால்வு பின்னோக்கி விடுகிறது. நிற்காமல் வேகமாக அடித்தால் டேங்க் காலி, அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று. சத்தமே இல்லாமல், லேசாகத் தட்டியதும் ஓடினால் பம்புக்குள் இருக்கும் பாயிண்ட்தான் கோளாறு.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000 தொடக்கத்தோடு பிரிட்டிஷ் பங்குகளிலிருந்து போய்விட்டது. வால்வு உட்காரும் வளையமான சீட்டைக் கடினப்படுத்திப் போடாத இஞ்சின் ஹெட்டில் எக்ஸ்ஹாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமிழும். அதனால் வால்வைச் சரிசெய்யும் ஒவ்வொரு தடவையும், திருகும் முன் இருந்த எட்டு அளவுகளையும் ஒரு நோட்டில் குறியுங்கள். 1, 4, 5, 8 எக்ஸ்ஹாஸ்ட். இந்த நான்கு மட்டும் தொடர்ந்து சுருங்கிக்கொண்டே வந்தால் ஹெட்டை இறக்கி சீட் போடக் கொடுக்கும் நேரம். சுருங்கவில்லையா, சும்மா கழற்ற வேண்டாம், அப்படியே ஓட்டுங்கள்.