இட்லிப்பூ தெளிவாக விழுகிறது, வண்ணத்துப்பூச்சி மட்டும் கலங்கிவிடுகிறது: கையடக்கக் கேமராவில் என்ன செய்வது?

வாசல்தோட்டம்:
வணக்கம். எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் இட்லிப்பூச் செடிக்குக் காலை ஒன்பது மணிக்கு மேல் கறிவேப்பிலை அழகி என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி தவறாமல் வருகிறது. என்னிடம் இருப்பது 30 மடங்கு ஜூம் உள்ள கையடக்கக் கேமரா. பூப்படம் போட்ட மேக்ரோ முறையில் வைத்து ஜூமை முழுவதும் இழுத்தால் ஃபோகஸ் பிடிப்பதே இல்லை. ஜூமைக் குறைத்துக்கொண்டு அருகில் போனால் பூச்சி பறந்துவிடுகிறது. தப்பித் தவறிக் கிடைத்த படங்களிலும் பூங்கொத்தின் ஒவ்வோர் இதழும் துல்லியமாக இருக்க, இறக்கை மட்டும் கரியைத் தேய்த்ததுபோல் இழுபட்டிருக்கிறது. நேற்றைய படத்தின் விவரம்: ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/125 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) 5.6. பெரிய கேமரா வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

பழையலென்ஸ்:
உங்களுக்கு இருப்பது ஒரு சிக்கல் அல்ல, இரண்டு. முதலாவது, அந்தப் பூப்படம் பலரையும் ஏமாற்றுகிறது. பெரும்பாலான கையடக்கக் கேமராக்களில் மேக்ரோ என்பது ஜூம் இழுக்காத நிலையில் சில சென்டிமீட்டர் வரை நெருங்குவதற்கான வசதியே. ஜூமை முழுவதும் இழுத்தால் ஒரு மீட்டருக்கும் அப்பால்தான் ஃபோகஸ் பிடிக்கும். சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, ஜூமைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு அருகில் எழுத்து தெளிகிறது என்று அளவுநாடா வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உகந்த இடம் நடுவில் எங்கோ இருக்கும்.

இரண்டாவது, அழகி வகை வண்ணத்துப்பூச்சிகள் தேன் குடிக்கும்போதும் இறக்கையடிப்பதை நிறுத்துவதில்லை. அதற்கு 1/1000 வேகமாவது வேண்டும், அதாவது நீங்கள் வைத்ததைப்போல் எட்டு மடங்கு; அப்போது உள்ளே விழும் ஒளி எட்டில் ஒரு பங்காகிவிடும். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் நான்கு மடங்கு ஈடாகும். ஜூம் குறைந்த நிலையில் லென்ஸ் எஃப் 4 வரை திறக்குமானால் மீதி இரண்டு மடங்கும் கிடைத்துவிடும். படத்தைப் பதியும் சென்சார் சிறியது என்பதால் எஃப் 4 வைத்தாலும் ஆழத்தெளிவு (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) பெரிதாகக் குறையாது. இந்த ஒன்றில் பெரிய கேமராக்காரர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

எருக்கங்காடு:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் பழகுவதற்குக் கறிவேப்பிலை அழகியைத் தேர்ந்தெடுத்தது கொஞ்சம் துணிச்சல்தான். எருக்கஞ்செடி பக்கத்தில் இருந்தால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியிடமிருந்து தொடங்குங்கள். உடலில் நஞ்சு இருப்பதால் பறவைகளுக்கு அவ்வளவாக அஞ்சாமல் மெதுவாகப் பறக்கும். வெயில் ஏறுவதற்கு முன்பே போனால், உடலைச் சூடேற்றுவதற்காக இறக்கையை விரித்து அசையாமல் அமர்ந்திருப்பதைப் பார்க்கலாம். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. இறக்கையின் பரப்புக்கு நேர்இணையாகக் கேமராவைப் பிடித்தால் முழு இறக்கையும் தெளிவாக வரும்.

இன்னும் பெரிதாக வேண்டுமென்றால், +2 டயாப்டர் (லென்ஸின் திறன் அளவு) குளோஸ்-அப் லென்ஸ் ஒன்றை முன்னால் பொருத்தினால், ஜூமை இழுத்த நிலையிலும் சுமார் 50 சென்டிமீட்டரில் ஃபோகஸ் பிடிக்கும். அதற்குப் பதிலாகப் பூதக்கண்ணாடியைக் கையால் பிடித்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் ஒரு மாதம் வீணாக்கினேன்.

வாசல்தோட்டம்:
இருவருக்கும் நன்றி. செய்தித்தாள் சோதனையில் 8 மடங்கு ஜூமில் 60 சென்டிமீட்டர் என்று வந்தது. இன்று காலை அதே தூரத்தில், பூங்கொத்தின்மேல் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து பொத்தானைப் பாதி அழுத்தியபடி காத்திருந்து நாற்பது படங்கள் எடுத்தேன். ஒன்றில் உறிஞ்சுகுழல் பூவின் குழலுக்குள் இறங்கியிருப்பதுகூடத் தெரிகிறது. ஆனால் இட்லிப்பூவின் சிவப்பு ஒரே திட்டாக, இதழ்க்கோடே இல்லாமல் விழுகிறது. ஏன்?

பழையலென்ஸ்:
கறுப்பு இறக்கையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது; அதில் சிவப்பு நிரம்பி வழிகிறது. எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை (கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -0.7இல் வைத்து எடுங்கள். இறக்கை சற்றே இருண்டால் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம், ஆனால் வெந்துபோன சிவப்பை மீட்க முடியாது.