பேஸ்மென்ட் பம்புக்கு என்.ஆர்.வி. போட வேண்டுமா, குழாயை உயர்த்தினால் போதுமா?

வேளச்சேரி_செயலாளர்
எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருக்கிறது. அதன் மூலையில் மழைநீர் சேர ஒரு குழி: 2 அடிக்கு 2 அடி, ஆழம் 3 அடி. (குடிநீர் சம்ப் வேறு, அது முன்வாசலில்.) குழிக்குள் 1 எச்.பி. சப்மெர்சிபிள் பம்ப், ஃப்ளோட் சுவிட்சில் (தண்ணீர் மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கும் சுவிட்ச்) தானாக ஓடும். 2 அங்குல பிவிசி குழாய் 12 அடி மேலே ஏறி, கூரையை ஒட்டி 30 அடி போய், தெருவிலுள்ள மழைநீர் வடிகாலில் விழுகிறது. கனமழை அன்று பம்ப் நிற்பதும் ஓடுவதுமாகவே இருக்கிறது. மழை விட்ட பிறகும் அதே கதைதான். என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டால் சரியாகிவிடும் என்று பிளம்பர் சொல்கிறார், பித்தளையில் ஸ்பிரிங் வைத்த ஒன்றைக் கொண்டுவந்தும் காட்டினார். கமிட்டியில் ஒருவர் அது வீண் செலவு என்கிறார். ஐப்பசிக்குள் முடிவெடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?

ஸ்பேனர்_அக்கா
பிளம்பர் சொன்ன யோசனை சரி, காட்டிய வால்வு தப்பு.

பம்ப் நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் எல்லாம் குழிக்கே திரும்பி வரும். அதையே மறுபடி ஏற்ற வேண்டும். அதோடு, திரும்பி வரும் தண்ணீர் இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழலும் இறக்கையை, தலைகீழாகச் சுற்றும். மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வருவது தெரிந்ததுதானே? தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால் மோட்டார் திணறும். எங்கள் சர்வீஸ் கடைக்கு ஐப்பசி கார்த்திகையில் வரும் பம்புகளில், மோட்டாரைக் கிளப்பும் கெப்பாசிட்டர் போனவை நிறைய.

ஸ்பிரிங் வால்வு மாடித் தொட்டிக்கு நல்ல தண்ணீர் ஏற்றும் லைனுக்கு ஏற்றது. கார் நிறுத்தும் இடத்துக் குழியில் மணல், இலை, பால் பாக்கெட் துண்டு எல்லாம் வரும். ஸ்பிரிங்கில் ஒரு நார் சிக்கினால் போதும், வால்வு பாதி திறந்தபடியே நிற்கும். ஸ்விங் வகை, அதாவது உள்ளே தட்டு கதவு போல ஆடும் வகை வாங்குங்கள். 2 அங்குலக் குழாய்க்கு 2 அங்குல வால்வேதான். மலிவாகக் கிடைக்கிறது என்று ஒன்றரை அங்குலம் வாங்கி, குழாய் அளவைக் குறைக்கும் ரெடியூசர் போடாதீர்கள்.

குழாய்க்_கணக்கு
அக்கா, கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 2 அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர் தண்ணீர் நிற்கும். இவர்கள் குழாய் மொத்தம் 42 அடி, கிட்டத்தட்ட 12.8 மீட்டர். ஆக முழுதும் திரும்பி வந்தாலும் 25 லிட்டர்தான். குழி 60 செ.மீ. சதுரம், ஒரு செ.மீ. உயரத்துக்கு 3.6 லிட்டர். 25 லிட்டர் வந்தால் மட்டம் 7 செ.மீ. ஏறும். ஃப்ளோட் சுவிட்ச் ஓடவிடும் மட்டத்துக்கும் நிறுத்தும் மட்டத்துக்கும் இடையே 30 செ.மீ. வைத்திருந்தால் அது 108 லிட்டர். ஒவ்வொரு முறையும் கால் பங்குக்கும் குறைவாகத்தான் வீண் வேலை. இதற்காக, என்றைக்கு வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொருளை லைனில் செருக வேண்டுமா? ஃப்ளோட்டின் கயிற்றை நீளமாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

செயலாளர் சாருக்கு ஒரு கேள்வி. பம்ப் நின்றதும் குழியில் தண்ணீர் எப்படி ஏறுகிறது? கொஞ்சம் ஏறி நின்றுவிடுகிறதா, மெதுவாகக் கசிந்து ஏறிக்கொண்டே இருக்கிறதா, வேகமாக ஏறி நிற்காமலே போகிறதா?

மூன்றாம்_மாடி
இவ்வளவு கணக்கு பில்டருக்குத் தெரிந்திருந்தால் பேஸ்மென்டே கட்டியிருக்க மாட்டார்.

வேளச்சேரி_செயலாளர்
சாதாரண மழையில் நீங்கள் சொன்ன மாதிரி கொஞ்சம் ஏறி நின்றுவிடும். ஆனால் தெருவில் தண்ணீர் நிற்கும் நாளில் குபுகுபுவென்று ஏறுகிறது. பம்ப் நின்ற சில நிமிடங்களிலேயே மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

குழாய்க்_கணக்கு
அப்படியென்றால் விஷயம் வேறு. மெதுவாக நாள் முழுக்க ஏறினால் நிலத்தடி ஊற்று. வேளச்சேரி பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் அருகில் இருப்பதால் மழைக்குப் பின் பல நாள் அது இருக்கும். கொஞ்சம் ஏறி நின்றால் குழாயில் இருந்த தண்ணீர். வேகமாக ஏறி நிற்காமலே போனால் அது தெருத் தண்ணீர், சார். உங்கள் குழாயின் வாய் வடிகாலுக்குள் மூழ்கிவிட்டது. தெரு மட்டம் குழியைவிட உயரம். பம்ப் நின்றதும் அதே குழாய் வழியாகத் தெரு உங்கள் வீட்டுக்குள் வருகிறது. நீங்கள் வெளியே தள்ளியதையே திரும்ப வாங்கித் திரும்பத் தள்ளுகிறீர்கள்.

ஸ்பேனர்_அக்கா
அதைத்தானே நானும் சொல்கிறேன். இதற்கு என்.ஆர்.வி.யைவிட நேரான மருந்து என்ன இருக்கிறது?

குழாய்க்_கணக்கு
இருக்கிறது. குழாயை வடிகாலில் விடுவதற்கு முன் காம்பவுண்டு சுவரை ஒட்டி மேலே ஏற்றுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் தெருவில் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று சுவரிலேயே கறை இருக்கும். அதற்கு மேல் ஒரு அடி உயர்த்தி வளைத்து, பிறகு கீழே இறக்குங்கள். ஆடும் தட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, பழுதாக எதுவுமே இல்லை. உங்கள் என்.ஆர்.வி. தட்டில் ஒரு குச்சி சிக்கினால்? கதவு பாதி திறந்திருக்கும், தெரு முழுக்க உள்ளே வரும். அன்றைக்குப் பார்த்துத்தான் சிக்கும்.

பழைய_பில்டர்
தம்பி சொல்வதில் ஒரு முக்கியமான சங்கதி விட்டுப்போயிற்று. வெறுமனே வளைத்து இறக்கினால் சைஃபன் ஆகிவிடும். குழாய் நிறைய தண்ணீர் நிற்கும்போது பம்ப் நின்றால், வளைவு உயரத்தில் இருந்தாலும் தெருப்பக்கத்துத் தண்ணீர் அதைத் தாண்டிக் குழிக்கு இழுபடும். வளைவின் உச்சியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அதிலிருந்து சின்னக் குழாயை மேல்நோக்கித் திறந்து விட வேண்டும். காற்று புகுந்தால்தான் சைஃபன் அறுபடும். இதை விட்டுவிட்டு, குழாயை உயர்த்தியும் தண்ணீர் வருகிறதே என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று உத்தரவு இருந்தும், எத்தனை தெருக்களில் மேலேயே போட்டுவிடுகிறார்கள்? வீடு அப்படியே இருக்கிறது, தெரு ஏறிக்கொண்டே போகிறது. அதனால் அந்த வளைவை இன்றைய கறைக்குச் சரியாக வைக்காமல், தாராளமாகவே உயர்த்துங்கள்.

குழாய்க்_கணக்கு
நன்றி ஐயா, அந்தக் காற்றுக் குழாய் கட்டாயம்தான்.

ஸ்பேனர்_அக்கா
சரி, உயர்த்துங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் உயர்த்திய பிறகு என்ன ஆகும்? கூடுதலாக நாலைந்து அடிக் குழாய், அதிலுள்ள தண்ணீரும் சேர்ந்து குழிக்குத் திரும்பும். இம்பெல்லர் முன்பைவிட வேகமாகத் தலைகீழாகச் சுற்றும். பம்ப் தூக்க வேண்டிய உயரமும் கூடுவதால் வெளியேறும் அளவு கொஞ்சம் குறையும். என்.ஆர்.வி. அடைத்துக்கொள்ளும் என்பது உண்மை, ஆனால் கழற்ற முடியாத இடத்தில் போடுவதால்தான் அது பிரச்சினையாகிறது. பிளம்பர்கள் குழிக்குள்ளேயே பம்ப் தலையில் திருகிவிட்டுப் போய்விடுவார்கள். சேற்றுக்குள் இறங்கி யார் பார்ப்பது?

நான் போடச் சொல்வது குழிக்கு மேலே, கை எட்டும் உயரத்தில். வால்வுக்கு இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு). அதற்கும் மேலே ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பி மூடும் வால்வு). சுத்தம் செய்யும்போது மேலே உள்ளதை மூடிவிட்டால் 30 அடிக் குழாய்த் தண்ணீர் தலையில் கொட்டாது. எல்போவை (குழாய் திரும்பும் இணைப்பு) ஒட்டி வால்வைப் போடக் கூடாது. கீழே ஒரு அடியாவது நேர்க்குழாய் இருக்கட்டும். எல்போவில் திரும்பிய தண்ணீர் நேராகாமல் வந்தால் தட்டு ஓயாமல் படபடத்துச் சீக்கிரம் தேயும். அம்புக்குறி மேல்நோக்கி. இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள், தலைகீழாகப் போட்டுவிட்டு “பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை” என்று பம்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள்.

மூன்றாம்_மாடி
முதல் மாடிக்காரர் இருக்கும் பக்கமாகக் குழாய் போகிறதா? ஸ்விங் வால்வு மூடும்போது “டம்” என்று ஒரு சத்தம் வருமே. என் மச்சினன் வீட்டில் ராத்திரி முழுக்க அதே.

குழாய்க்_கணக்கு
அது உண்மை. மேலே போன தண்ணீர் திரும்பி வேகமெடுத்த பிறகுதான் ஸ்விங் தட்டு மூடும், அதனால் மோதல். ஸ்பிரிங் வால்வு தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடிவிடும், சத்தம் குறைவு. அக்கா ஸ்பிரிங்கை ஒரேயடியாக ஒதுக்குவது இதனால்தான் எனக்கு ஒப்பவில்லை.

ஸ்பேனர்_அக்கா
சத்தம் குறைய வேண்டும் என்றால் ரப்பர் தட்டு வைத்த பிவிசி வால்வு இருக்கிறது. ரப்பர் பூசிய பந்து வைத்ததும் இருக்கிறது, கழிவுநீர் லைனில் போடுவார்கள், குப்பையில் அவ்வளவாகச் சிக்காது. விலை கூட. குழாயைச் சுவரோடு ரப்பர் வைத்த கிளாம்பில் பிடித்தால் பாதிச் சத்தம் போய்விடும். குப்பைத் தண்ணீருக்கு ஸ்பிரிங் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேளச்சேரி_செயலாளர்
ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். போன வாரம் கமிட்டியில் இன்னொரு 1 எச்.பி. பம்ப் வாங்க ஒப்புதல் ஆகிவிட்டது. ஒன்று பழுதானால் மற்றது ஓடட்டும் என்று. இரண்டையும் ஒரே குழாயில் டீ வைத்துச் சேர்ப்பதாகத் திட்டம்.

குழாய்க்_கணக்கு
சார், இதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு வாதமே நடந்திருக்காது! இரண்டு பம்ப் ஒரே குழாய் என்றால் என்.ஆர்.வி. கட்டாயம், ஒவ்வொரு பம்புக்கும் தனித்தனியாக, டீக்கு முன்னால். இல்லாவிட்டால் ஓடும் பம்ப் ஏற்றும் தண்ணீர், 12 அடி ஏறுவதைவிடச் சுலபமான வழி என்று ஓடாத பம்ப் வழியாகக் குழிக்கே இறங்கிவிடும். மோட்டார் ஓடும், சத்தம் கேட்கும், மட்டம் இறங்காது. என் வளைவும் காற்றுக் குழாயும் இதற்கு உதவாது.

ஆனால் வளைவையும் விடாதீர்கள். தட்டில் குச்சி சிக்கும் நாளில் தெருவைத் தடுப்பது அதுதான்.

ஸ்பேனர்_அக்கா
அப்பாடா! அப்படியே இதையும் கேளுங்கள். என்.ஆர்.வி. போட்டபின், குழி வறண்டு மறுபடி நிறையும்போது பம்புக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். மேலே வால்வு மூடியிருப்பதால் அந்தக் காற்று போக வழியில்லை. பம்ப் ஓடும், தண்ணீர் எடுக்காது. பம்புக்கும் வால்வுக்கும் இடையில், குழியின் மூடிக்குக் கீழே, 3 மி.மீ. துளை ஒன்று போட வேண்டும். பல கம்பெனிகளின் கையேட்டிலேயே இருக்கும்.

மூன்றாம்_மாடி
காசு கொடுத்துக் குழாய் வாங்கி அதில் நாமே ஓட்டை போடுவதா? அசோசியேஷன் கூட்டத்தில் இதை விளக்கும் தைரியம் செயலாளருக்கு இருக்கிறதா?

பழைய_பில்டர்
அந்தத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், அது இயல்பு. கீழ்நோக்கிச் சாய்வாகத் துளைத்தால் குழிக்குள்ளேயே விழும். கேபிளின் மேலோ ஃப்ளோட்டின் மேலோ அடிக்காதபடி திருப்பிவையுங்கள். யாராவது கசிவு என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுவார்கள், அதையும் எழுதி மாட்டுங்கள்.

குழாய்க்_கணக்கு
துளை சேற்றில் அடைத்துக்கொள்ளும் என்பது என் கட்சி. சில பம்புகளின் உடம்பிலேயே காற்று வெளியேறத் துளை விட்டிருக்கிறார்கள். வாங்கும் பம்பில் அது இருந்தால் குழாயில் வேறு துளை வேண்டாம்.

ஸ்பேனர்_அக்கா
இருந்தாலும் போடலாம், நஷ்டமில்லை. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள்.

வேளச்சேரி_செயலாளர்
ஆக, ஒவ்வொரு பம்புக்கும் ரப்பர் தட்டு வைத்த 2 அங்குல ஸ்விங் வால்வு, குழிக்கு மேலே, யூனியனோடு. டீக்கு மேல் ஒரே பால் வால்வு. காம்பவுண்டு சுவரில் வளைவும் காற்றுக் குழாயும். கடைசியாக ஒன்று: கமிட்டியில் ஒருவர் இதெல்லாம் எதற்கு, குழாயைச் சாக்கடை மேன்ஹோலில் விட்டுவிடலாம் என்கிறார்.

பழைய_பில்டர்
கூடவே கூடாது. மழைநீரைக் கழிவுநீர் லைனில் விடக் கூடாது என்பது மெட்ரோ வாட்டர் விதி. விதியை விடுங்கள், மழை நாளில் மேன்ஹோல் நிரம்பினால் உங்கள் தரைத்தள வீட்டுக் கழிவறையில்தான் முதலில் பொங்கும்.

பால் வால்வு ஒன்று போதாது, பம்புக்கு ஒன்றாக டீக்கு முன்னால் வையுங்கள். அப்போதுதான் ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றது ஓடும். பம்புகளின் பேனலும் பேஸ்மென்டில் இருந்தால் தரைத்தளத்துக்கு மாற்றி, 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள். தண்ணீர் நிற்கும்போது கரண்டை நிறுத்தாமல் யாரும் இறங்க வேண்டாம்.

ஸ்பேனர்_அக்கா
பால் வால்வுகளின் கைப்பிடியைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டிவையுங்கள், சார். சுத்தம் செய்துவிட்டுத் திறக்க மறந்தால் மூடிய குழாய்க்கு எதிராகப் பம்ப் ஓடிச் சூடாகிப் போய்விடும். வருஷத்துக்கு ஒரு தடவை, புரட்டாசியில், குழியில் போதுமான தண்ணீர் ஊற்றி ஃப்ளோட்டைக் கையால் தூக்கி இரண்டு பம்பையும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். நின்றதும் குழியின் மட்டம் கணிசமாக ஏறினால் அந்தப் பக்கத்து வால்வைக் கழற்றிக் கழுவ வேண்டும்.