தேஜஸ் நம்முடையது, என்ஜின் யாருடையது?

கணக்கர்:
2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. 2024-25இல் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 23,622 கோடி. 2021இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்களுக்கு ஆர்டர், 2025 செப்டம்பரில் மேலும் 97. இந்தியப் பாதுகாப்பு உற்பத்தி கால் ஊன்றிவிட்டது, அடுத்த பத்தாண்டு ஏறுமுகம்தான் என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

சுழலி:
மறுக்கிறேன். நீங்கள் அடுக்கியது ஆர்டர் கணக்கு. அந்த 83 விமானங்களுக்காக அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திடம் 99 எஃப்-404 என்ஜின்களை 2021 ஆகஸ்டில் கேட்டோம். முதல் என்ஜின் வந்தது 2025 மார்ச்சில். ஆர்டர் இல்லாமல் நின்றுபோயிருந்த உற்பத்தி வரிசையை ஜிஇ திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. உதிரிபாகம் தருவோரை மறுபடி திரட்டுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. இதற்கிடையே 2025 செப்டம்பர் 26 அன்று மிக்-21 விடைபெற்றது. விமானப்படைக்கு அனுமதி 42 ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு), அப்போது கையில் மிஞ்சியது 29.

கணக்கர்:
அது விற்பவரின் தாமதம். அதை வைத்து நம் தொழில்திறனை எடைபோடலாமா?

வார்ப்பகம்:
எடைபோட்டே ஆக வேண்டும். தேஜஸுக்காக நாமே உருவாக்க 1989இல் அனுமதி பெற்ற காவேரி என்ஜினுக்கு இலக்கு 81 கிலோநியூட்டன் உந்துவிசை. அது எட்டாததால்தான் 2008இல் தேஜஸிலிருந்து பிரித்தார்கள். சிக்கலில் பெரும்பங்கு, எரிந்த வாயு பாயும் வெப்பப் பகுதியில்.

அங்கே சுழலும் ஒற்றைப் படிக டர்பைன் பிளேடை, அதாவது ஒரே படிகமாக வார்த்த உலோக இதழை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காற்று போகும் வழிகளுக்காக செராமிக் கோர் (உள்ளச்சு) வைத்து, அதைச் சுற்றி மெழுகு வடிவம். அதைச் செராமிக் குழம்பில் திரும்பத் திரும்பத் தோய்த்து ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, ஓட்டைச் சுட வேண்டும். பிறகு வெற்றிட உலையில் சுமார் 1,500 டிகிரியில் நிக்கல் கலவையை ஊற்றி, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் கீழே இறக்குகிறோம். அடியிலுள்ள சுருள் குழாய் ஒரே ஒரு படிகத்தைத்தான் மேலே விடும். இறக்கும் வேகம் மிஞ்சினால் பக்கவாட்டில் வேறு படிகம் முளைக்கும். கோர் கொஞ்சம் நகர்ந்தாலும் சுவர் ஒருபுறம் மெலிந்து, சூட்டில் அங்கேதான் விரிசல் விடும். கடைசியில் கோரைக் காரக் கரைசலில் கரைக்க வேண்டும். மிச்சம் தங்கினால் குளிர்வழி அடைபடும். எக்ஸ்ரேயில் தேறாதது கழிவு.

ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமான டிஎம்ஆர்எல் 2021இல் ஹெலிகாப்டர் என்ஜினுக்காக 60 ஒற்றைப் படிக பிளேடுகளை அரசு விமான நிறுவனமான எச்ஏஎல்லுக்குக் கொடுத்தது. நம்மால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் கழிவு விகிதம் குறைய வேண்டுமானால் உலை நிற்காமல் ஓட வேண்டும்.

ஓசூர்க்கடைசல்:
சுழலி சொல்வதில் பாதிதான் ஏற்கிறேன். என்ஜின் வரட்டும் என்று மற்றதை நிறுத்த முடியாது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவித்தாயிற்று. சிறு பட்டறைக்கு இடிப்பது எங்கே? ஆர்டர் இருபது, முப்பது உருப்படி. அதற்கும் முதல் உருப்படிக்கு வரைபடத்தின் ஒவ்வொரு அளவும் பதிவாக வேண்டும். வெப்பச் செயல்முறை, முலாம் பூச்சுக்குத் தனிச் சான்று. டைட்டானியம் கம்பியோ குறைந்தபட்ச அளவுக்குக் கீழே கிடைக்காது. மிச்சம் முதலாக முடங்கும். ஐந்து ஆண்டுக்கு உறுதியான கொள்முதல் தந்தால் ஐந்து அச்சுகளில் (5-axis) கடையும் எந்திரம் வாங்க வங்கியும் கடன் தரும்.

கணக்கர்:
இதை ஏற்கிறேன். ஆனால் ஜிஇயின் இன்னொரு என்ஜினான எஃப்-414ஐ இங்கேயே தயாரிக்க 2023இல் புரிந்துணர்வு ஆனதே? 80 சதவீதத் தொழில்நுட்பம் வரும் என்றார்களே?

சுழலி:
சதவீதம் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். பூச்சும் எந்திரக் கடைசலும் கைக்கு வரலாம். ஏன் அந்தக் கலவை, ஏன் அந்தக் குளிர்வழி என்ற வடிவமைப்பு அறிவு தானாக வராது. காவேரியின் உயரச் சோதனைக்கு ரஷ்யா போனோம். 2010இல் ஐஎல்-76 சரக்கு விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டதும் அங்கேதான். மேல்வானக் காற்றழுத்தத்தை உருவாக்கும் சோதனைக்கூடம் இங்கே இருந்தால், பழுது தெரிந்த வாரமே திருத்தி மறுபடி ஓட்டலாம். வெளிநாட்டில் முறை கேட்டுக் காத்திருந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாதக்கணக்கு. முதல் பணம் அந்தக் கூடத்துக்கு.

ஓசூர்க்கடைசல்:
கூடத்தோடு ஆர்டரும் வேண்டும். சோதித்துத் தேறிய பாகத்தை வாங்க ஆளில்லையென்றால் பட்டறை மறுபடி பம்பு உதிரிக்கே திரும்பும்.