ஆளுமைப் பரீட்சையை வைத்து வேலைக்கு ஆள் எடுக்கலாமா?

திருநெல்வேலி மனிதவளம்:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாண நகரில் 60 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவைப் பார்க்கிறேன். வாடிக்கையாளர் பிரிவுக்கு நாலு பேர் எடுக்க வேண்டும், அடுத்த வருடம் இரண்டு பேரைப் பொறுப்புக்கு உயர்த்தவும் வேண்டும். இரண்டுக்கும் எம்.பி.ரி.ஐ. பரீட்சையை வைத்தே முடிவெடுக்கச் சொல்லிக் கொழும்புத் தலைமையகம் அனுப்பியிருக்கிறது. நாலு ஆங்கில எழுத்தில் ஆளைச் சொல்லும் பரீட்சை என்றால் உங்களுக்கு விளங்கும்.

போன கிழமை கிளிநொச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு பிள்ளை வந்தது. கோபத்தோடு எழுதிய ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தைக் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னேன், தமிழிலும் ஆங்கிலத்திலும் அவ்வளவு பக்குவமாக எழுதித் தந்தது. ஆனால் பரீட்சையில் 'ஐ' என்று, அதாவது உள்முக ஆள் என்று வந்ததால், "இவர் சனத்தோடு கதைக்க மாட்டார்" என்று மேலே ஒதுக்கிவிட்டார்கள். என்னோடு முக்கால் மணித்தியாலம் வடிவாகக் கதைத்த பிள்ளை அது. அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. மேலிடத்துக்கு என்ன சொல்லலாம், இதற்குப் பதிலாக என்ன செய்யலாம்?

கொக்குவில் உளவியல்:

தங்கச்சி, நீங்கள் வாதாடவே தேவையில்லை. எம்.பி.ரி.ஐ.-ஐ விற்கும் நிறுவனமே அதை ஆட்தெரிவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதை எடுத்து அப்படியே மேலே அனுப்புங்கள்.

உளவியலாளர் கார்ல் யுங் 1921 இல் எழுதியதை அடிப்படையாக வைத்து அமெரிக்காவில் கதரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய பரீட்சை அது. அதன் பெரிய குறை வெட்டும் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஆக்கள் உள்முகத்துக்கும் வெளிமுகத்துக்கும் நடுவில்தான் நிற்பார்கள். நடுவில் ஒரு கோட்டைக் கீறினால், கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கம் நிற்பவருக்கும் சற்று அந்தப் பக்கம் நிற்பவருக்கும் வேறு வேறு எழுத்து விழும், கோட்டருகில் நிற்பவருக்கும் தொலைவில் கடைசி அந்தத்தில் நிற்பவருக்கும் ஒரே எழுத்து விழும். அதனால்தான் சில கிழமை கழித்துத் திரும்ப எழுதினால் பலருக்கு எழுத்து மாறிவிடுகிறது. உங்கள் பிள்ளையும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

"எனக்கு அச்சொட்டாகப் பொருந்தியதே" என்று உங்கள் மேலாளர் சொல்லுவார், அதற்கும் பதில் இருக்கிறது. 1948 இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைப் பரீட்சை வைத்து, பிறகு எல்லோருக்கும் ஒரே விவரணத்தையே கொடுத்தார், வசனங்களை ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். 5 க்குச் சராசரியாக 4.26 புள்ளி போட்டு, தங்களைச் சரியாகச் சொல்லியிருக்கிறது என்றார்கள். பொருந்துவதுபோல இருப்பது வேறு, வேலையை முன்கூட்டிச் சொல்வது வேறு.

ஆளுமை என்பதே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆராய்ச்சியில் நிற்பது, ஆளுமையை ஐந்து குணங்களில் அளக்கும் 'ஐந்து பெருங்கூறுகள்' என்ற முறை, அதில் கடமையுணர்வு மட்டும் அநேகமாக எல்லா வேலையிலும் கொஞ்சம் உதவும் என்று 1991 இலேயே பாரிக், மவுண்ட் இருவரும் காட்டினார்கள். ஆனால் 'கொஞ்சம்' என்பதைக் கவனியுங்கள். 2022 இல் சாக்கெட்டும் சகாக்களும் பழைய ஆய்வுகளைத் திருத்திக் கணித்தபோது கடமையுணர்வுக்கும் வேலைத் திறனுக்கும் தொடர்பு 0.19 தான் வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் புள்ளி போடும் நேர்முகத் தேர்வுக்கு 0.42. நீங்கள் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த கடிதமும் 'மாதிரி வேலை'தான், அதாவது செய்யப்போகும் வேலையில் ஒரு துண்டைச் செய்ய வைத்துப் பார்ப்பது, அதுவும் கடமையுணர்வுப் புள்ளியைவிட மேலாகத்தான் வந்தது.

சுன்னாகம் கடை:

எனக்கு இந்தப் பரீட்சை ஒன்றும் தெரியாது பிள்ளை, 22 வருடமாக இரும்புக் கடை நடத்துகிறேன். ஆள் எடுக்க முதல் ஒரு நாள் சம்பளம் கொடுத்துக் கடையில் நிற்பாட்டுவேன், பின்னேரத்துக்குள் விளங்கிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளைப் பெரியாக்களுக்கு முன்னால் வாய் காட்டாதே என்றுதான் வளர்க்கிறோம். "நான் மற்றவர்களை வழிநடத்தக் கூடியவர்" என்ற வசனத்துக்குப் பக்கத்தில் 'மிகச் சரி' என்று கீறக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தை ஆற்றல் இல்லை என்று யாரோ கொழும்பிலிருந்து வாசித்தால் அது பிள்ளையின் பிழை இல்லை.

மானிப்பாய் மேற்பார்வை:

அக்கா, பொறுப்புக்கு உயர்த்துவது பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ஒரு பரீட்சை உண்மையிலேயே உதவியது. ஹோகன் என்று ஒன்று, அழுத்தம் வரும்போது எங்கள் நல்ல குணமே எப்படி எங்களுக்குத் தடையாகிறது என்று 11 கூறுகளில் பார்க்கும். எனக்கு மிகக் கூட வந்தது எல்லாவற்றையும் நானே சரிபார்க்க வேண்டும் என்ற குணம். அன்றைக்குத்தான் என் குழுவில் ஏன் ஒருவரும் தாங்களாக முடிவெடுப்பதில்லை என்று உறைத்தது, மாதக் கடைசிக் கணக்கை இப்போது இளையவர்களே முடித்து அனுப்புகிறார்கள். ஆனால் நான் உயர்வு பெற்ற பிறகுதான் அதை எழுதினேன், முடிவைப் பார்த்தது நானும் பயிற்சியாளரும் மட்டுந்தான். முன்பு வேலை செய்த இடத்தில் முடிவுகளைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார்கள். அன்றிலிருந்து என்னோடு இருந்த ஒருவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது, அவர் என்ன சொன்னாலும் "நீ அந்த வகைதானே" என்பார்கள், ஆறு மாதத்தில் விலகிப் போய்விட்டார். அதனால் முடிவு யார் கைக்குப் போகும் என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திருநெல்வேலி மனிதவளம்:

எல்லோருக்கும் நன்றி, அண்ணை சொன்னதை நேற்று அனுப்பினேன். ஆட்தெரிவிலிருந்து பரீட்சையை எடுத்துவிட ஒத்துக்கொண்டார்கள், உயர்வு பற்றி இன்னும் பதில் இல்லை, அதற்கும் விடமாட்டேன். ஆறு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன், நானும் பிரிவு மேற்பார்வையாளரும் தனித்தனியாகப் புள்ளி போட்ட பிறகுதான் ஒருவரோடொருவர் கதைப்போம். முன்பு வந்த ஒன்பது பேரையும் திரும்பக் கூப்பிடுகிறோம். கிளிநொச்சிப் பிள்ளைக்கு நேரத்தைப் பத்தரைக்கு வைத்திருக்கிறேன், விடிய நாலு மணிக்கு எழும்பத் தேவையில்லை.