சிங்கப்பூர், ஒன்பதாம் மாடிக் குழு: கோடு போட்ட ஐரிஸ் செடி

மார்ச் 8

சரோஜா, காலை 7:40
(படம்) இணையத்தில் வாங்கிய கோடு போட்ட ஐரிஸ். இரண்டு கிழங்கு 28 வெள்ளி. ஆறு வாரம் ஆகிறது. நேற்று ஒன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரே கூழ்.

விமலா, காலை 7:44
அக்கா, அந்த நாற்றம் உங்கள் செடியா? நான் குப்பைக் குழாய் அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன்.

கோபால், காலை 7:58
சரோஜா, அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறது?

சரோஜா, காலை 8:01
ஐரிஸ் பாலிடா வேரிகேட்டா. இலையில் நீளவாக்கில் மஞ்சள் பட்டை. விளம்பரத்தில் ஊதாப் பூ இருந்தது அங்கிள், அதைப் பார்த்துத்தான் மயங்கினேன்.

கோபால், காலை 8:12
அது குரோஷியா கடற்கரைப் பக்கத்துப் பாறைச் சரிவில் வளர்வது. கோடையில் காய்ந்த வெயில், பிறகு நல்ல குளிர்காலம். அந்தக் குளிர் பட்டால்தான் மொட்டு வைக்கும். நமக்கு நடு இரவிலேயே 25 டிகிரி. எவ்வளவு கொஞ்சினாலும் இங்கே பூக்காது. அதிருக்கட்டும், எப்படி நட்டீர்கள்?

சரோஜா, காலை 8:14
இஞ்சி மாதிரி இருந்ததா, இஞ்சி மாதிரியே மூன்று விரல் ஆழத்தில். மேலே தேங்காய் நார். தினமும் தண்ணீர்.

கோபால், காலை 8:23
பார்வைக்குத்தான் இஞ்சி, குணம் ஓணான். வேர் மண்ணுக்குள், முதுகு வெயிலில் இருக்க வேண்டும். மிச்சம் இருப்பதைத் தோண்டி, மெத்தென்று இருக்கும் இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். அப்புறம் பாதிக்குப் பாதி மணல் கலந்து மேலாக வையுங்கள். இலைக்காகக் கொஞ்ச நாள் இருக்கலாம். உத்தரவாதம் தரமாட்டேன்.

சுரேஷ், காலை 8:25
28 வெள்ளிக்கு இலை. தேக்கா சந்தையில் ஒரு வாரக் காய்கறி வாங்கியிருக்கலாம்.

நூர்ஜஹான், காலை 8:31
என் பூனை அந்தப் பக்கம்தான் சுற்றுகிறது. கடித்தால்?

கோபால், காலை 8:34
ஐரிஸ் கிழங்கு பூனைக்கு ஆகாது, எச்சில் வடியும், வாந்தி எடுக்கும். தொட்டியை உயரத்தில் வையுங்கள். சரோஜா, வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குத் தோல் அரிக்கும்.

கோபால், காலை 8:40
(படம்) நம் ஊருக்கு இது சரிவரும். நியோமரிகா, நடக்கும் ஐரிஸ் என்பார்கள். பிரேசில் பக்கத்துச் செடி, ஐரிஸ் குடும்பம்தான். என்னிடம் இருப்பதில் இலை நெடுக வெள்ளைக் கோடு. பூத்து முடிந்ததும் தண்டின் நுனியில் குட்டி வரும், கனம் தாங்காமல் சாயும், மண்ணில் பட்ட இடத்தில் வேர் விடும். அந்தக் குட்டி வளர்ந்து பூத்து அதுவும் சாயும். அப்படியே அடியடியாக நடை.

விமலா, காலை 8:42
லிஃப்ட் வரைக்கும் நடந்து வந்தால்?

கோபால், காலை 8:45
தொட்டியில் எங்கே போகும்? தொட்டியும் ஓரமாக இருக்கட்டும், காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். சரோஜா, மாலையில் வாருங்கள், ஒரு கொத்து பிரித்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

நூர்ஜஹான், காலை 8:47
அடியில் தட்டு வைத்தால் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் அக்கா. போன மாதம் கொசுச் சோதனைக்கு வந்தவர் என் வீட்டில் ஒரு மூடியைக்கூட விடவில்லை.

ஜூலை 19

சரோஜா, மாலை 6:05
(படம்) அங்கிள், நீங்கள் தந்த நியோமரிகாவில் ஒரு பக்கம் முழுப் பச்சையாகக் கிளம்புகிறது. மற்றதைவிட இதுதான் மளமளவென்று வருகிறது. மண் பிடித்துவிட்டது, இல்லையா?

கோபால், மாலை 6:20
சந்தோஷப்படாதீர்கள். அதை இன்றே அடியோடு பிரித்து எடுங்கள். வெள்ளைக் கோட்டில் பச்சையம் இல்லை, அந்த இடத்தில் சமையல் நடக்காது. முழுப் பச்சை இலையில் எல்லா அடுப்பும் எரியும். விட்டால் கோடு போட்டதை ஓரம் கட்டிவிடும், கடைசியில் தொட்டி முழுக்கப் பச்சைதான்.

நூர்ஜஹான், மாலை 6:22
முழு வெள்ளையாக ஒன்று வந்தால்?

கோபால், மாலை 6:26
தாயோடு ஒட்டியிருக்கும் வரை ஓடும். தனியாக வைத்தால் பட்டினி.

சரோஜா, மாலை 6:31
இவ்வளவு செழிப்பாக இருப்பதை எப்படி வெட்டுவது? நோஞ்சானைக் காப்பாற்ற நல்ல பிள்ளையை விரட்டுகிற மாதிரி இருக்கிறது.

சுரேஷ், மாலை 6:33
எறியாதீர்கள் அக்கா, எனக்குத் தாருங்கள். எனக்குக் கோடெல்லாம் வேண்டாம், பிழைத்தால் போதும்.

பிப்ரவரி 21

சரோஜா, காலை 8:15
(படம்) பூத்துவிட்டது!! வெளியே மூன்று வெள்ளை இதழ், நடுவில் நீலம் சுருண்டிருக்கிறது. மணம் வீட்டுக்குள் வரைக்கும் வருகிறது.

கோபால், காலை 8:19
வீட்டில் இருப்பவர்கள் இப்போதே போய்ப் பாருங்கள். ஒரு நாள் பூ, சாயங்காலம் மூடிவிடும்.

நூர்ஜஹான், காலை 8:40
பார்த்துவிட்டு வந்தேன். மாஷா அல்லாஹ். பூனையைத் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

விமலா, இரவு 7:50
இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். கசக்கிய டிஷ்யூ மாதிரி ஏதோ தொங்குகிறது. அதுவா?

சரோஜா, இரவு 7:52
அதேதான். இன்னும் இரண்டு மொட்டு இருக்கிறது, கவலைப்படாதே. நுனியில் குட்டி வந்தால் உனக்குத்தான்.

விமலா, இரவு 7:53
குட்டி அப்புறம். அடுத்தது திறந்ததும் கதவைத் தட்டுங்கள், காலை ஆறு மணியானாலும் சரி.

சுரேஷ், இரவு 8:10
என் பச்சைச் செடியில் போன வாரமே மூன்று பூ. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.